பன்னிரண்டில் ஒரு பங்கு

துறையூர் பக்கத்தில் எங்கள் தாத்தா 1963-ல் வாங்கிப் போட்ட காடு ஒன்று இருக்கிறது. காடு என்றதும் யானை, புலி என்று நினைக்க வேண்டாம், எங்கள் பக்கம் புன்செய் நிலத்துக்கே அதுதான் பெயர். 1 ஏக்கர் 44 சென்ட், பாதி தூர்ந்துபோன ஒரு கிணறு, நாலு வேப்பமரம், வரப்போரம் முழுக்கச் சீமைக் கருவேலம். மழை ஒழுங்காகப் பெய்தால் மக்காச்சோளம் வரும், இல்லாவிட்டால் ஆடு மேயும். போன ஆவணியில் பக்கத்துக் காட்டுக்காரர் அதை விலைக்குக் கேட்டார். நல்ல விலைதான். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது, அண்ணனுக்கு வீட்டுக் கடன், எனக்கும் பணம் கசக்கவா போகிறது. பெரியப்பாவுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி, முடிந்தது வேலை என்று நினைத்துக்கொண்டுதான் வாங்குபவரின் வக்கீலைப் பார்க்கப் போனோம்.

அந்த வக்கீலம்மா நாங்கள் கொண்டுபோன பையைத் திறக்கவே விடவில்லை. மூன்றே கேள்வி.

"பத்திரம் யார் பேர்ல இருக்கு? பட்டா யார் பேர்ல இருக்கு? காட்டுல வெள்ளாமை வைக்கிறது யாரு?"

பத்திரம் தாத்தா பேரில். பட்டா பெரியப்பா பேரில். வெள்ளாமை வைப்பது பெரியப்பா மகன்.

"தாத்தாவுக்குப் பொண்ணுங்க உண்டா?"

உண்டு, ரெண்டு அத்தை. "அவங்களுக்குத்தான் சீரெல்லாம் செஞ்சு அனுப்பியாச்சுங்களே" என்று அண்ணன் ஆரம்பித்தான். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. நான் வக்கீல் இல்லை, ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவள். ஆனால் இந்த மாதங்களில் சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா ஆபீஸ், பத்திர எழுத்தர் வீட்டுத் திண்ணை என்று அலைந்ததில், அந்த மூன்று கேள்வியும் ஒரே கேள்வி இல்லை என்பது புரிந்துவிட்டது. நம்மில் முக்கால்வாசிப் பேர் மூன்றையும் ஒன்றாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பத்திரம். தாத்தாவின் கிரையப் பத்திரத்தை வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். பழுப்பேறிய முத்திரைத் தாள், மடிப்பில் எல்லாம் கிழிசல், ஒரு இடத்தில் கரையான் அரித்து ஒரு வரியைக் காணோம். "நிதி நிட்சேப ஜல தரு பாஷாண சித்த சாத்திய ஆகாமி அட்சீணி" என்று மூச்சுவிடாமல் ஒரு வரி. ஏதோ மந்திரம் போலிருக்கிறது, பத்திர எழுத்தர் காசுக்குத் தகுந்த மாதிரி நீட்டியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். துறையூரில் ஒரு பழைய பத்திர எழுத்தர், கண் சரியாகத் தெரியாது, நான் படிக்கப் படிக்க ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னார். நிதி என்றால் புதையல். நிட்சேபம், மண்ணுக்குள் யாரோ வைத்துப் புதைத்தது. ஜலம் தண்ணீர், தரு மரம், பாஷாணம் கல்லும் பாறையும். சித்தம் இப்போது விளைந்து கையில் வருவது, சாத்தியம் இனி உழைத்தால் வரக்கூடியது. ஆகாமி பின்னால் வந்து சேரப்போவது, அட்சீணி குறையாமல் நின்று கொடுப்பது. அப்புறம் "தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்று ஒன்று. தானமாகக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்று பொருள்.

யோசித்துப் பாருங்கள், சொத்துரிமை என்பது ஒற்றைப் பொருள் இல்லை, பல உரிமைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு என்று சட்டக் கல்லூரியில் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்களாம். எங்கள் ஊர் பத்திர எழுத்தர் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கட்டிலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவலாம். ஆண்டு அனுபவிக்கும் உரிமையை மட்டும் குத்தகைக்கு விடலாம், பணத்துக்கு ஈடாக அடமானம் வைக்கலாம், நடந்துபோகிற உரிமையை மட்டும் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், மிச்சம் நம்மிடமே இருக்கும். சில குச்சிகளை அரசாங்கமும் பிடித்து வைத்திருக்கிறது. பத்திரத்தில் "நிதி" என்று எழுதியிருக்கிறதே என்று புதையல் கிடைத்தால் அமுக்கிவிட முடியாது, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, கலெக்டருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பாஷாணம் விஷயத்தில் 2013-ல் உச்ச நீதிமன்றம், கேரளா மலபார் பக்கத்து நிலம் சம்பந்தமான வழக்கில், மண்ணுக்கு அடியில் இருக்கும் கனிமம் எல்லாமே அரசாங்கத்துடையது என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை, சாதாரணமாக அது நிலத்துக்காரருக்கே சேரும் என்று சொன்னது. அதற்காக நாளைக்கே ஜேசிபி வைத்துக் கல் உடைக்க முடியாது, தோண்டுவதற்கு அனுமதி தனி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்திரம் தாத்தா பேரில் பதிவாகியிருக்கிறது. பதிவாகிவிட்டாலே உரிமை உறுதி என்பது அடுத்த நம்பிக்கை. அதுவும் சரியில்லை. நம் நாட்டில் பதிவு செய்வது பத்திரத்தைத்தான், உரிமையை இல்லை. இன்னார் இன்னாருக்கு இன்ன தேதியில் இப்படி ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தார் என்பதற்குத்தான் சார்பதிவாளர் முத்திரை. எழுதிக்கொடுத்தவருக்கு அந்த நிலம் உண்மையிலேயே சொந்தமா என்று அவர் விசாரித்துச் சொன்னதாக அர்த்தமில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது, 1908 பதிவுச் சட்டப்படி விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்று. தன்னிடம் இல்லாததை யாரும் இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியாது, இது ஆதி விதி. நான் இன்றைக்குப் போய் மலைக்கோட்டையை உங்களுக்குக் கிரையம் எழுதிக்கொடுத்து, எப்படியோ பதிவும் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது முத்திரை குத்தின வெறும் தாள்.

மலேசியாவில் ஒரு மாமா இருக்கிறார், இதைச் சொன்னால் சிரிக்கிறார். அங்கே நிலத்துக்கு "கிராண்ட்" என்று ஒன்று உண்டு, அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், அரசாங்கப் பதிவேடே கடைசி வார்த்தை. டாரன்ஸ் முறை என்பார்கள், 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கப்பல்களைப் பதிவு செய்கிற மாதிரி நிலத்தையும் பதிவு செய்தால் என்ன என்று கொண்டுவந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாம் தாய்ப் பத்திரத்திலிருந்து சங்கிலி போல ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். தாத்தாவுக்கு விற்றவருக்கு எப்படி வந்தது, அவருக்கு முன்னால் யார், நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் போச்சு.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பீர்கள். நானும் போட்டேன். 1975 தொடங்கி ஒரு பதிவும் இல்லை என்று வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம், வில்லங்கமே இல்லையாம் என்று. பத்திர எழுத்தர்தான் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, உங்க தாத்தா செத்தது இதுல வந்திருக்கா?" வரவில்லை. சாவு பதிவுத்துறைக்குப் போகாது. பதிவு செய்யாத உயில் இதில் வராது, எங்கோ நடக்கிற கேஸ் எல்லாம் இதில் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது, இருபது ரூபாய்த் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வராது. பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இரண்டாவது கேள்வி பட்டா. ஆங்கிலேயர் காலத்தில் தாமஸ் மன்றோ ஜமீன்தார் யாரும் நடுவில் வேண்டாம், குடியானவனோடு நேரடியாகவே வரி பேசிக்கொள்வோம் என்று ரயத்துவாரி முறையைப் பரப்பினார் இல்லையா, பட்டா அந்த வழியில் வந்தது. இந்தப் புலத்துக்கு யாரிடம் தீர்வை வாங்குவது என்பதற்கான கணக்கு அது. கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், லெட்ஜரில் பெயர் இருப்பதாலேயே கம்பெனி அவருடையது ஆகிவிடாது. பட்டா மாற்றம் உரிமையை உண்டாக்காது, இருக்கிற உரிமையை அழிக்கவும் செய்யாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. ஆனால் ஊரில் கேட்டுப் பாருங்கள், பத்திரத்தைவிடப் பட்டாவுக்குத்தான் மரியாதை.

எங்கள் காட்டின் பட்டா பெரியப்பா பேருக்குப் போன கதை ஒரு வரிதான். 1980-களில் யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்காக ஊர் ஊராக வந்து எழுதினார்கள். எங்கள் காட்டுக்கு வந்த அன்று தாத்தா சந்தைக்குப் போயிருந்தார், கமலையடியில் நின்றது பெரியப்பா. பேர் என்ன என்று கேட்டார்கள், சொன்னார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஏக்கர் சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர்ஸ் என்று மாறியதும் அப்போதுதான். 1.44 ஏக்கர் என்பது 0.58.5 ஆனது. திருப்பிக் கணக்குப் போட்டால் அரை சென்ட் கூட வருகிறது. அந்த அரை சென்ட் யாருடையது என்று நான் கேட்டதற்குத் தாலுகா ஆபீஸில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இப்போது பங்குக்கு வருகிறேன், உண்மையிலேயே தலை சுற்றியது இங்கேதான்.

பெண்களுக்குச் சொத்தில் பங்கு 2005-ல்தான் வந்தது என்று டீக்கடை முதல் டிவி வரை சொல்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது என்பார்கள், 25.3.1989-க்கு முன்னால் கல்யாணம் ஆகியிருந்தால் கிடையாது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ரெண்டுமே உண்மைதான், ஆனால் அது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. பிறப்பாலேயே பங்கு உண்டா இல்லையா என்கிற கேள்வி அது. (அதிலும் 2005 திருத்தத்தின்போது அப்பா உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.) எங்கள் காடு பூர்வீகம் இல்லை. தாத்தா வெங்காயம் விற்ற காசில் தன் பெயரில் வாங்கியது, சுயார்ஜிதம். அதை அவர் உயிரோடு இருக்கும்போது யாருக்கு வேண்டுமானாலும் விற்றிருக்கலாம், உயில் எழுதி நாய்க்குட்டி பராமரிப்புக்குக்கூட விட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் 1994-ல் போய்விட்டார். அப்படி உயில் இல்லாமல் ஒருத்தர் இறந்தால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் எட்டாவது பிரிவுப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. 1956-லிருந்தே! கல்யாணம் ஆனது ஆகாதது பேச்சே இல்லை. அத்தைகள் ரெண்டு பேரும் தாத்தா கண் மூடிய அந்த நிமிஷமே பங்குதாரர் ஆகிவிட்டார்கள், அவர்களுக்கே தெரியாமல். போட்ட நகை, செய்த சீர் எதையும் இதில் கழிக்க முடியாது.

கணக்கைப் போட்டுவிடுகிறேன். தாத்தா போனபோது பாட்டி, பெரியப்பா, அப்பா, ரெண்டு அத்தை, ஆக ஐந்து பங்கு. 2003-ல் பாட்டி போனார், அவருடைய ஐந்தில் ஒன்று நாலு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது. ஆளுக்கு நாலில் ஒன்று, 36 சென்ட். 2019-ல் அப்பா போனார். அவருடைய 36 சென்ட் அம்மா, அண்ணன், நான் என்று மூன்றாகப் பிரிந்தது. எனக்கு 12 சென்ட், பன்னிரண்டில் ஒரு பங்கு. எங்கள் வீட்டுக்குப் பாதி என்று நினைத்துக்கொண்டு போனவர்களுக்குக் கிடைத்தது கால்.

அந்த 12 சென்ட்டும் எது என்று காட்ட முடியாது. கிணற்றோரமா, பாதையோரமா? பிரிக்காத வரைக்கும் காட்டின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் பன்னிரண்டில் ஒன்று என்னுடையது, மிச்சம் மற்றவர்களுடையது. இதை நான் சொன்னதும் அண்ணன் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, "இந்தா, இதுல உன் பங்கை எடுத்துக்க" என்றான். அதைத்தான் சட்டமும் முடியாது என்கிறது. விற்க வேண்டுமானால் இந்தப் பிரிபடாத பங்கை நான் விற்கலாம், ஆனால் கூட இருக்கும் வாரிசுகள் வாங்கிக்கொள்கிறோம் என்றால் அவர்களுக்குத்தான் முன்னுரிமை. வாங்குகிறவர் என் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார், ஆனால் கடப்பாரையோடு வந்து வேலி போட முடியாது, அவரும் பாகம் பிரிக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பெரியப்பா பட்டாவைக் காட்டி முழுக் காட்டையும் கிரையம் செய்திருந்தாலும் போயிருப்பது அவருடைய கால் பங்கு மட்டும்தான்.

இன்னொரு நம்பிக்கையும் இங்கே உடைந்தது. பாட்டன் சொத்து பேரனுக்கு என்பார்களே, பெரியப்பா மகன் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார், தாத்தா சொத்தில் எனக்குப் பிறப்புரிமை இருக்கிறது, அப்பா பங்கு தனி என் பங்கு தனி என்று. எட்டாவது பிரிவுப்படி அப்பாவிடமிருந்து மகனுக்கு வருகிற சொத்து மகனுக்குத் தனிச் சொத்து, பேரனுக்கு அதில் பிறப்பால் ஒன்றும் இல்லை. 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியப்பா நினைத்தால் தன் 36 சென்ட்டைக் கோயிலுக்கு எழுதிவைக்கலாம், மகன் கேட்க முடியாது. இதைப் பெரியப்பா மகனிடம் எடுத்துச் சொன்ன நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு குறைவு.

அவர் அடுத்து எடுத்தது மூன்றாவது கேள்வி, அனுபவம். "12 வருஷத்துக்கு மேல நாங்கதான் ஓட்டுறோம், கிஸ்தி கட்டுறோம், பட்டா எங்கப்பா பேரு. எல்லாம் எங்களுக்கு ஆகிப்போச்சு." இந்த 12 வருஷக் கதை தமிழ்நாடு முழுக்க ஓடுகிறது, வாடகைக்கு வீடு விடவே பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரிடை அனுபவம் என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. தனியார் நிலத்துக்கு 12 வருஷம், அரசாங்கத்து நிலம் என்றால் 30 வருஷம், 1963 காலவரையறைச் சட்டம். ஆனால் வெறுமனே 12 காலண்டர் கிழித்தால் போதாது. சொந்தக்காரருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி, இது என்னுடையதுதான், உன்னுடையது இல்லை என்று நின்றிருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் சொந்தக்காரர் அனுமதியோடு இருப்பவர், அவருக்கு இது எப்படிப் பொருந்தும்? பங்காளிகளுக்குள் இன்னும் கஷ்டம். ஒரு பங்காளி ஓட்டினால் அது எல்லாப் பங்காளிக்காகவும் ஓட்டியதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். உனக்குப் பங்கே கிடையாது போ என்று வெளிப்படையாகச் சொல்லித் தள்ளிவைத்து, அங்கிருந்து 12 வருஷம் ஓடியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி யார் யாரைத் தள்ளினார்கள்? அப்பா இருந்தவரை வருஷா வருஷம் ரெண்டு மூட்டை சோளம் வந்துகொண்டிருந்தது. பொங்கலுக்குப் பெரிய அத்தை வீட்டுக்கு மொச்சையும் பூசணியும் போனது. அந்தப் பூசணிக்காய்தான் இன்றைக்கு அத்தையின் சாட்சி என்று வக்கீலம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர் சிரிக்கவில்லை.

சின்ன அத்தை கதை வேறு. 1996-ல் அவரிடம் ஐந்தாயிரம் ரூபாயும் ஒரு பவுன் மோதிரமும் கொடுத்து, முத்திரைத் தாளில் "எனக்கு இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வாங்கியது யார் தெரியுமா? எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்துதான். பீரோவில் அந்தத் தாள் கிடைத்தபோது அம்மா சட்டென்று கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார். அது பதிவு செய்யாத விடுதலைப் பத்திரம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் கட்டாயம் பதிவாக வேண்டும், பதிவாகாவிட்டால் அது சொத்தைத் தொடவே தொடாது. குடும்பத்துக்குள் வாய்ப்பேச்சாகவே பாகம் பிரித்துக்கொண்டு, அவரவர் பாகத்தைத் தனித்தனியாக அனுபவித்து வந்தால் அது செல்லும், பின்னால் நினைவுக்காக ஒரு குறிப்பு எழுதிவைக்கலாம். ஆனால் இந்தத் தாள் அந்த ரகம் இல்லை. அத்தைக்குப் பங்கு அப்படியே இருக்கிறது, மோதிரம்தான் இல்லை, 2008-ல் அடகில் மூழ்கிவிட்டதாம்.

இதற்கு நடுவில் ஒரு புரோக்கர் வேறு நுழைந்தார். இவ்வளவு தொல்லை எதற்கு, பெரியப்பாவிடம் ஒரு பவர் வாங்கி, ஒரு அக்ரிமெண்ட் போட்டு, பணத்தைக் கைமாற்றிவிட்டால் முடிந்தது என்றார். விற்பனை ஒப்பந்தம் என்பது விற்கப்போகிறேன் என்கிற வாக்கு மட்டும், அதனால் நிலத்தில் ஒரு உரிமையும் பிறப்பதில்லை என்று 1882 சொத்து மாற்றுச் சட்டம் 54-வது பிரிவிலேயே இருக்கிறது. பவர், அக்ரிமெண்ட், உயில் மூன்றையும் கலந்துகட்டி விற்கிற பழக்கத்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் இது கிரையமே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டது. சாதாரணப் பவர் எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான். பெரியப்பாவுக்கு வயது 83. புரோக்கர் அதைக் கணக்கில் வைத்துத்தான் அவசரப்பட்டாரோ என்னவோ. பெரிய அத்தை மகன் இதைக் கேள்விப்பட்டு பாகப்பிரிவினை வழக்கே போடப்போவதாக வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். வழக்கு போட்டுவிட்டால் அதற்கப்புறம் யார் வாங்கினாலும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்குகிறார்கள், வழக்கு இருப்பதே தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. புரோக்கர் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பாதை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் காட்டுக்கு ரோட்டிலிருந்து நேர் வழி கிடையாது, முன்னாலிருக்கும் காட்டின் தென்வரப்போரமாகத்தான் மாட்டு வண்டி போகும். முன்காட்டைப் புதிதாக வாங்கியவர் கம்பிவேலி போட்டுவிட்டார், என் பத்திரத்தில் பாதை இல்லை, புலப்படத்திலும் இல்லை என்றார். தாத்தா பத்திரத்தில் நாலு எல்லைக்கும் கீழே "மாமூல் வண்டிப்பாதைப் பாத்தியமும் சேர்த்து" என்று இருந்தது. முன்காட்டுக்காரருடைய தாய்ப் பத்திரத்தின் நகல் எடுத்துப் பார்த்தால் அதிலும் "மேற்படி பாதை நீக்கி" என்று அழகாக இருக்கிறது, நடுவில் எழுதிய ஒரு பத்திரத்தில்தான் அந்த வரி காணாமல் போயிருக்கிறது. வரி காணாமல் போனால் பாதை காணாமல் போகாது. வழிப் பாத்தியம் ஆளுக்கு இல்லை, நிலத்துக்கு, நிலம் கை மாறினால் கூடவே போகும். 20 வருஷம் தடையில்லாமல் உரிமையாக நடந்திருந்தாலும் வரும், வேறு வழியே இல்லாத நிலம், முன்பு ரெண்டும் ஒரே கையில் இருந்து பிரிந்தது என்றால் அதற்கும் தனியாக ஒரு விதி 1882 வசதியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பத்திர நகலைக் காட்டியதும் மனிதர் முறைத்தார், ஆனால் மறுவாரம் வேலியை எட்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். இந்த மொத்த அலைச்சலில் சண்டை இல்லாமல் முடிந்தது இது ஒன்றுதான்.

இப்போதைய நிலவரம் இது. போன மாதம் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்தோம். அத்தைகள் இருவரும் வந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே ஆறு வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பா ரொம்ப நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா பாப்பா, அப்பன் செத்தப்பவே இதைச் சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போச்சே" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முறையாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுவது, அப்புறம் பட்டாவைத் தனித்தனியாக மாற்றுவது, விற்கிறவர்கள் விற்றுக்கொள்வது என்று பேச்சு. குடும்பத்துக்குள் பிரித்துக்கொள்வதற்கும் வெளியாளுக்கு விற்பதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, கிரையம் என்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு ஒன்பது ரூபாய் போய்விடும், குடும்பப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1, பதிவுக் கட்டணம் 1 என்ற அளவில் உச்சவரம்போடு முடியும். ஆனால் குடும்பம் என்றால் யார் யார் என்பதற்கே பதிவுத்துறையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், போவதற்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

பிரிப்பதற்கு முன் அளக்க வேண்டும். சர்வேயர் வருகிற புதன்கிழமை வருகிறார். தாத்தா பத்திரத்தில் வடக்கு எல்லைக்கு "இரட்டைப் பனைக்கும் தெற்கு" என்று இருக்கிறது. பரப்பளவும் எல்லையும் முரண்பட்டால் பெரும்பாலும் எல்லைக்குத்தான் மதிப்பு என்கிறார்கள், ஆனால் பனை ரெண்டும் எப்போதோ விழுந்துவிட்டன. வடகிழக்கு மூலையில் ஒரு சர்வே கல் இருந்ததாகப் பெரியப்பா சொல்கிறார், கருவேல முள்ளுக்குள் எங்கேயோ. ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் பெரியப்பா மகனும் அரிவாள் எடுத்துக்கொண்டு தேடப் போகிறோம். மூன்று வருஷத்தில் நாங்கள் சேர்ந்து போகும் முதல் இடம் அது.